அலமாரிக் கதவு கோணலா? ஸ்க்ரூவைத் தொடும் முன் பெட்டியைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் புதுத் தாமான் வீட்டுக்குக் குடிபோன ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஆன்லைனில் இரண்டு கதவு உடுப்பு அலமாரி வாங்கி, வீட்டுக்காரரும் நானும் பொருத்தினோம். இடது கதவு இறங்கி நிற்கிறது. நடுவில் மேல்பக்கம் இரண்டு கதவும் உரசுகின்றன, கீழே விரல் நுழையும் அளவுக்குச் சந்து. ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்னும் மோசமாகிறது. கடைக்காரரிடம் கதவை மாற்றித் தரச் சொல்லலாமா?"

கடைக்காரரிடம் போவதைக் கடைசியில் பேசுவோம். முதலில் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள் தங்கச்சி.

விரல் நுழையும் சந்து என்றீர்கள். அது குறைந்தது 8 மில்லிமீட்டராவது இருக்கும். இந்த வகைக் கீலின் ஸ்க்ரூவால் கதவைப் பக்கவாட்டில் நகர்த்தக்கூடிய தூரம் பெரும்பாலும் அந்தப் பக்கம் 2 மில்லிமீட்டர், இந்தப் பக்கம் 2 மில்லிமீட்டர், அவ்வளவுதான். மேல் கீலை ஒரு கோடி வரைக்கும், கீழ்க் கீலை எதிர்க்கோடி வரைக்கும் திருப்பினாலும் 4, 5 மில்லிமீட்டர் சாய்வைத்தான் சரிசெய்ய முடியும். உங்கள் கோணல் அதைவிடப் பெரிது. ஆகவே கோளாறு ஸ்க்ரூவில் மட்டும் இல்லை. பெட்டியே, அதாவது கதவுகளைத் தாங்கும் அலமாரிக் கூடே, சரியாக நிற்கவில்லை, அல்லது கீல் எங்கோ பிடி விட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருகத் திருக, இருக்கிற கொஞ்ச இடமும் தீர்ந்துபோகும். நீங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

நடுச்சந்தைப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம். கதவுகளை மூடிவிட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், ஆனால் ஒரு கதவு தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும் படிக்கட்டு மாதிரி நிற்கிறது என்றால், பெட்டி சாய்ந்திருக்கிறது. இரண்டு கதவும் ஒரே பக்கம் சாய்வதால்தான் சந்து மாறாமல் இருக்கிறது. சந்து ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒட்டியிருந்தால், ஒரு கதவு மட்டும் தன் கீலில் தொங்குகிறது. மேலே உரசிக் கீழே அகன்றிருந்தால், இறங்கிய கதவின் மேல் கீல்தான் முதல் சந்தேகம். அது பிடி தளர்ந்தால் கதவின் தலை நடுப்பக்கம் சாயும், கீழ்மூலை தரையைப் பார்த்து இறங்கும். மூன்றாவது வகை, ஒரு கதவின் கீழ்ப்பாகம் மற்றதைவிட முன்னால் தள்ளி நிற்பது. பெட்டி முறுக்கிக்கொண்டு நிற்கும்போது அப்படி ஆகும், பெரும்பாலும் நாலு காலில் ஒன்று தரையைத் தொட்டிருக்காது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இடது மேல் கீல்தான் முக்கியக் குற்றவாளி. ஆனாலும் பெட்டியைப் பார்க்காமல் கீலுக்குப் போகாதீர்கள். சாய்ந்த பெட்டியில் கதவை நேராக்கினால், பிறகு பெட்டியை நிமிர்த்தும் நாளில் கதவு மறுபடி கோணலாகும்.

தரையிலிருந்து தொடங்குவோம். தாமான் வீடுகளில் பின்கட்டுத் தரை பல இடங்களில் வாசல் பக்கம் சற்றுச் சரிந்திருக்கும், கழுவிவிட்ட தண்ணீர் ஓடவேண்டும் என்பதற்காக. படுக்கையறையிலும் டைல்ஸ் பதித்தவர் கை எப்படியோ, தரை அப்படி. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கைப்பேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலி போதும். அலமாரியின் உள்ளே அடித்தட்டில் இடம்வலமாக ஒருமுறை, முன்பின்னாக ஒருமுறை வைத்துப் பாருங்கள். அப்புறம் நாலு மூலையிலும் கையால் அழுத்திப் பாருங்கள், ஆடுகிறதா என்று.

இதில் ஒரு சூத்திரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கதவு தாழ்ந்திருக்கிறதோ, அந்தக் கதவின் கீல் பக்கத்து முன்காலை உயர்த்தவேண்டும். உங்களுக்கு இடது கதவு தாழ்வு, ஆகவே இடது முன்மூலை. திருகி உயர்த்தும் கால் இருந்தால் திருகுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் ஆப்பு, பழைய டைல்ஸ் துண்டு, பழைய கார்டு எதையாவது சொருகலாம். அட்டைப்பெட்டித் துண்டு வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கும் மாப் போடும் தண்ணீருக்கும் அது சில மாதத்தில் நசுங்கிவிடும், அலமாரி மறுபடி இறங்கும். ஒரு மில்லிமீட்டர் உயர்த்திவிட்டு கதவை மூடிப் பாருங்கள். கீலைத் தொடாமலே இரண்டு கதவும் ஒரு மட்டத்துக்கு வருவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்தது முதுகுப்பலகை. 3 மில்லிமீட்டர் கனத்தில் மெல்லியதாக வருமே, பின்னால் ஆணி அடிப்பது, அதுதான். சுவர்ப்பக்கம் போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நாலு மூலையில் நாலு ஆணியோடு விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் இந்த அலமாரி வகையை நேராகப் பிடித்துவைப்பதே அந்தப் பலகைதான். பக்கப்பலகைகளையும் மேல் கீழ்ப் பலகைகளையும் இணைக்கும் திருகுகள் பெட்டியைச் சேர்த்து வைக்குமே ஒழிய, சதுரமாக, அதாவது மூலைகள் நேர்கோணமாக நிற்கும்படி வைக்காது. முதுகுப்பலகையில் ஆணி குறைந்தால் பெட்டி தள்ளிய பக்கம் சாயும்.

இதை அளந்து பார்க்க ஒரு டேப் போதும். பின்பக்கம் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்கு ஓர் அளவு, வலது மேலிருந்து இடது கீழுக்கு ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரம். 2 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் கவலைப்பட வேண்டாம். உங்களுடையது 80 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், மூலைவிட்டத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது நடுவில் இரண்டு கதவுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கமாகத் தெரியும். கண் அதை உடனே பிடித்துவிடும்.

வித்தியாசம் அதிகம் என்றால் துணிகளை வெளியே எடுங்கள், கதவுகளையும் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது கீழ்க் கீலிலிருந்து மேலே போகவேண்டும், மாட்டும்போது மேலிருந்து கீழே வரவேண்டும். ஒருவர் கதவைப் பிடித்தே ஆகவேண்டும், உயரமான கதவு எடை அதிகம். கீலின் கையில், அதாவது கதவிலிருந்து பெட்டிக்கு நீளும் இரும்புப் பாகத்தில், பின்முனையில் சிறிய நெம்புகோல் இருந்தால் அதை அழுத்தினால் பக்கப்பலகையில் உள்ள தகட்டை விட்டுக் கீல் கழன்றுவரும். நெம்புகோல் இல்லாத மலிவு வகையில் பின்ஸ்க்ரூவைத் தளர்த்தி உருவவேண்டும். பிறகு முதுகுப்பலகையின் மேல்விளிம்பு ஆணிகளை மட்டும் விட்டு, இரண்டு பக்கத்து ஆணிகளையும் அடிப்பக்கத்து ஆணிகளையும் எடுத்து, நீளமான மூலைவிட்டம் எந்தப் பக்கமோ அந்த மேல்மூலையைக் குறுக்கே தள்ளி, இரண்டு அளவும் சமமானதும் மறுபடி ஆணி அடியுங்கள். 10, 15 சென்டிமீட்டருக்கு ஒன்று, பலகையின் விளிம்பு முழுக்க. சலிப்பான வேலைதான். இதைச் செய்தவருக்கு அதற்கப்புறம் கதவு வேலை அரைமணி நேரம், செய்யாதவருக்கு மாதாமாதம்.

இனிக் கீல். நம் பழைய லயத்து வீடுகளில் இருந்த கனமான மர அலமாரிகளில் சாதாரண இரும்புக் கீலோ பித்தளைக் கீலோ இருக்கும். ஒருமுறை அறைந்தால் அறைந்ததுதான். கதவு பிடித்தால் இழைப்புளி எடுத்து ஓரத்தைச் சீவுவார்கள். அந்த நினைப்பில் பெரியவர் யாராவது உங்கள் கதவையும் "கொஞ்சம் சீவிவிடு" என்று சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். இது சிப்போர்டு, மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மேலே ஒட்டிய தாளும் ஓரப்பட்டையும்தான் அதற்குத் தோல். அதைச் சீவினால் ஈரம் உள்ளே போகும், சில மாதத்தில் ஓரம் ஊதிவிடும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். மலேசியாவில் செய்யும் இந்தப் பலகைகளில் நிறைய ரப்பர் மரம் இருக்கிறது. பால் வெட்டி ஓய்ந்த மரத்தை 25, 30 வயதில் சாய்ப்பார்கள். ஒரு காலத்தில் அது விறகுக்குத்தான் போனது, இப்போது நாற்காலியும் மேசையும் பலகையுமாகக் கப்பல் ஏறுகிறது. 1877-ல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது, சுங்கை சிப்புட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை. உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் என்றால், அந்த மரத்தின் உறவுக்காரன் பெட்டியில் மடங்கி உங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கீலுக்கு வருவோம். கதவின் உள்பக்கம் 35 மில்லிமீட்டர் வட்டக்குழியில் உட்கார்ந்திருப்பது கிண்ணம். அதிலிருந்து வரும் இரும்புக் கை, பெட்டியின் பக்கப்பலகையில் அறைந்த தகட்டில் மாட்டிக்கொள்கிறது. கையில் வரிசையாக இரண்டு ஸ்க்ரூ தெரியும். கதவுக்கு அருகில் இருப்பது பக்கவாட்டுக்கு, கதவை இடம் வலம் நகர்த்தும். உள்ளே தள்ளி இருப்பது ஆழத்துக்கு, கதவைப் பெட்டியோடு நெருக்கும் அல்லது விலக்கும். தகட்டைப் பலகையோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள் உயரத்துக்கு. அந்த ஸ்க்ரூ ஓட்டைகள் நீளவாக்கில் இருக்கும், தளர்த்தினால் கதவு 2 மில்லிமீட்டர் மேலே கீழே போகும்.

எந்த ஸ்க்ரூவையும் திருப்பும் முன் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இடது கதவைத் திறந்து, கைப்பிடி பக்கத்தை லேசாக மேலே தூக்குங்கள். மேல் கீலின் தகடு பலகையோடு ஆடுகிறதா? கிண்ணம் கதவுக்குள் அசைகிறதா? கை தகட்டில் முழுவதும் உட்காராமல் ஒரு பக்கம் எழும்பி நிற்கிறதா? விரல் அளவு சந்துக்கு இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கை சரியாக உட்காரவில்லை என்றால் கழற்றி, 'டக்' என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள்.

ஸ்க்ரூ டிரைவர் முனையும் முக்கியம். கீல் ஸ்க்ரூவின் தலையில் கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகள் இன்னும் நாலு தெரிந்தால், அது சாதாரணப் பிளஸ் அல்ல, போசிட்ரிவ் வகை. அதற்கு போசிட்ரிவ் இரண்டாம் எண் முனைதான் பொருந்தும். சாதாரண முனையைப் போட்டுத் திருகினால் வழுக்கி வழுக்கித் தலை மொட்டையாகிவிடும். டிரில் மெஷினால் கீல் ஸ்க்ரூவைத் திருகவே வேண்டாம், சிப்போர்டு அந்த வேகத்தைத் தாங்காது.

வரிசை இப்படி இருக்கட்டும்: உயரம், பக்கவாட்டு, கடைசியில் ஆழம். உயரத்துக்கு, கதவின் கீழே மடித்த துணியையோ புத்தகத்தையோ வைத்து எடையைத் தாங்கவிட்டு, எல்லாத் தகடுகளின் ஸ்க்ரூவையும் அரைச்சுற்று தளர்த்தி, கதவை வேண்டிய இடத்துக்குத் தூக்கி, மேலிருந்து ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒரே ஒரு தகட்டைத் தளர்த்திவிட்டு கதவைத் தூக்கினால் மற்ற கீல் எதிர்த்து இழுக்கும், அதில்தான் ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளும்.

பக்கவாட்டில் மேல் கீலும் கீழ்க் கீலும் எதிரெதிர் வேலை செய்யும். உங்கள் இடது கதவின் தலை நடுப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆகவே மேல் கீலால் கதவை இடப்பக்கம் இழுக்கவேண்டும், அல்லது கீழ்க் கீலால் வலப்பக்கம் தள்ளவேண்டும், அல்லது இரண்டிலும் பாதிப் பாதி. கதவின் நடுமூலை அதோடு சேர்ந்து தானாக உயரும். வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று என்னைக் கேட்காதீர்கள், கீலுக்குக் கீல் மாறும். அரைச்சுற்று திருப்புங்கள், கதவை மூடுங்கள், பாருங்கள். தவறான பக்கம் போனால் ஒரு முழுச்சுற்று திரும்பி வாருங்கள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டே நாலு சுற்று திருப்புவதால்தான் "எந்தப் பக்கம் திருப்பினாலும் மோசமாகிறது" என்ற நிலை வருகிறது. நீங்கள் ஏற்கெனவே நிறையத் திருப்பியிருப்பதால், இரண்டு கதவிலும் எல்லாக் கீல்களையும் முதலில் நடு இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள்.

உயரமான கதவில் மூன்று நாலு கீல் இருக்கும். பொதுவாக 90 சென்டிமீட்டர் உயரம் வரை இரண்டு, அதற்குமேல் 1.6 மீட்டர் வரை மூன்று, 2 மீட்டர் வரை நாலு. அப்படியானால் நடுக்கீல்களின் பக்கவாட்டு ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, மேலும் கீழும் உள்ளவற்றால் கதவை நேராக்கி, கடைசியில் நடுக்கீல்களை அதற்கு இசைவாக இறுக்குங்கள். இல்லையென்றால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கதவு வில்லாக வளையும்.

நடுச்சந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் அழகு. அளவுகோல் வைத்துக் கண்ணைச் சுருக்கவேண்டாம். பழைய டச் அண்ட் கோ கார்டு, பாங்க் கார்டு என்று மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதை மேலே, நடுவே, கீழே நுழைத்துப் பாருங்கள், மூன்று இடத்திலும் ஒரே மாதிரி லேசாக உரசவேண்டும்.

ஆழத்துக்கு உள்ஸ்க்ரூ. கீல் பக்கத்தில் கதவுக்கும் பெட்டி விளிம்புக்கும் இடையே காகிதம் போகும் அளவு இடைவெளியாவது வேண்டும். ஒட்டிப் பிடித்திருந்தால் கதவு மூடியபின் தானாகத் துள்ளித் திறக்கும். மலிவு வகையில் இந்த ஸ்க்ரூதான் கீலைத் தகட்டோடு பிடிப்பது, அதனால் தளர்த்தும்போது கதவை இன்னொரு கையால் தாங்குங்கள். திருப்பும்போதே கதவு மெதுவாக நகர்ந்தால் அது நல்ல வகை, தளர்த்த வேண்டியதில்லை.

ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தால், சாத்தே குச்சிதான் மருந்து. ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, வெள்ளை மரப்பசையில் நனைத்த குச்சிகளை ஓட்டை நிறையச் செருகி, ஒரு ராத்திரி காயவிட்டு, பலகை மட்டத்துக்கு வெட்டி, நடுவில் சிறு துளை போட்டு மறுபடி ஸ்க்ரூவைக் கையால் இறுக்குங்கள். பலகையே பொடிந்துபோயிருந்தால் குச்சி நிற்காது. அதற்கென்று கீல் பழுதுபார்க்கும் துருப்பிடிக்காத தகடு விற்கிறார்கள், பொடிந்த இடத்தைத் தாண்டி நல்ல இடத்தில் ஸ்க்ரூ பிடிக்கும். ஈரத்தில் ஊதிய பலகைக்கு மட்டும் வைத்தியம் இல்லை, ஊதியது திரும்ப அமுங்காது. அதனால் அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். மாப்பை நன்றாகப் பிழிந்தபின் தரையைத் துடையுங்கள்.

தள்ளி வைத்தாலும் சுவரோடு பிணைக்காமல் விடாதீர்கள். உயரமான அலமாரியில் இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் எடை முழுக்க முன்னுக்கு வரும். வீட்டில் ஏறி விளையாடும் பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம். அலமாரியோடு கூடவே வந்த கோணத்தகட்டையோ பட்டையையோ செங்கல் சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். முன்காலை உயர்த்தி மட்டம் சரியான பிறகுதான் இதைச் செய்யவேண்டும், முதலிலேயே பிணைத்தால் சுவர் அலமாரியைக் கோணலாகவே பிடித்துவைக்கும்.

இனிக் கடைக்காரர். கதவை மாற்றித் தரச் சொல்ல நியாயமான காரணம், கதவு வளைந்திருப்பது. கழற்றிய கதவின் உள்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள், பிறகு வெளிப்பக்கத்திலும் பிடியுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் நூலுக்கும் கதவுக்கும் இடையே 4, 5 மில்லிமீட்டர் பள்ளம் தெரிந்தால் எந்தக் கீலாலும் அது நேராகாது. இன்னொரு காரணம் கீல் மாறி வந்திருப்பது. இரண்டு கதவின் கீல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றின் கை நேராகவும் மற்றதன் கை முழங்கை மடக்கியது போலவும் இருந்தால், மடங்கியது பெரும்பாலும் மூன்று கதவு அலமாரியின் நடுப்பலகைக்கானது. உங்கள் இரண்டு கதவு அலமாரியில் அதற்கு வேலையில்லை. இந்த இரண்டில் எதுவானாலும் புதிதாக எந்த ஓட்டையும் போடாமல், குச்சி செருகாமல், நூல் பிடித்த இடத்தையும் கீல்களையும் படமெடுத்து அனுப்புங்கள். ஓட்டை போட்ட பிறகு கேட்டால் பல விற்பனையாளர்கள் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று கைவிரித்துவிடுவார்கள்.

கீல் மட்டும்தான் கெட்டது என்றால் கடைக்காரரோடு மல்லுக்கட்டவே வேண்டாம். பழைய கீலைக் கையோடு டவுனில் உள்ள ஹார்ட்வேர் கடைக்கு எடுத்துப்போய், அதே கிண்ண அளவு, அதே மடிப்பு, தகட்டில் அதே ஓட்டை இடைவெளி என்று தவுக்கேயிடம் கேட்டு வாங்குங்கள். ஒன்றாக வாங்காமல் அந்தக் கதவுக்கு வேண்டியதை ஒரே வகையாக எல்லாம் வாங்கிவிடுங்கள்.